குணாவுக்கு ஒரு சுவிட்ச்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவர்கள் எழுத வேண்டியதை நான் எழுத வந்திருக்கிறேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதன்பிறகு டவுன் பள்ளியில் மூன்று வருடம், அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் கூடியிருந்தால் ஓரமாக நின்றுவிட்டு வருகிறவள் நான். எண்பதுகளில் கோலசிலாங்கூர் டவுனில் ஒரு மின்சாமான் கடையில் கவுண்டரில் நின்றேன். சுவிட்ச் விற்பதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடை வேலைக்குப் போகிற பிள்ளைகள் யாராவது படித்தால் போதும்.

1. சுவிட்ச் இல்லாத வீட்டு ஆட்கள்

கடை முதலாளி சீனர். தவுக்கே என்போம். அவர் என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், தோட்டத்து ஆட்கள் அப்போது டவுனை ஒட்டி வீடு வாங்கி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் தமிழில் பேச ஆள் தேவைப்பட்டது.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். அதில் வகைக்கு ஒன்றாகச் சுவிட்சுகளைப் பொருத்தி, மேலே ஒரு பல்பும் மாட்டியிருந்தோம். வருகிறவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஒற்றைச் சுவிட்ச் உள்ள ஒன் கேங், இரட்டைச் சுவிட்ச் உள்ள டூ கேங், மேலும் கீழும் போட்டு அணைக்க மாடிப்படிக்கு டூ வே, குளியலறைக்குக் கயிறு சுவிட்ச். எதை எங்கே போடுவது என்று மணியம் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்தான் கடையின் வயர்மேன்.

தோட்டத்து ஆட்கள் அந்தப் பலகையைத் தொடத் தயங்குவார்கள். நான் பிறந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வீட்டுக்கு ஒரு பல்பு உண்டு, சுவிட்ச் கிடையாது. சாயங்காலம் தோட்டத்துக்குக் கரண்டு எடுக்கிற எஞ்சின் வீட்டில் டிரைவர் எஞ்சினைக் கிளப்பினால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். அவர் நிறுத்தினால் எல்லா வீடும் இருட்டு. நடுவில் அணைக்க வேண்டுமென்றால் துணியைச் சுற்றிப் பல்பைத் திருகிக் கழற்றுவோம். டவுன் வீட்டுக்கு வந்த பிறகும் பலர் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டுப் பல்பைத்தான் திருகிக்கொண்டிருந்தார்கள். பல்பு ஹோல்டர் கெட்டுப்போய்விட்டது என்று அடிக்கடி வருவார்கள். மணியம் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

2. கை தட்டினால் எரியும் விளக்கு

ஒருமுறை தவுக்கே கோலாலம்பூரிலிருந்து ஒரு புதுச் சாமான் கொண்டுவந்தார். சின்னப் பெட்டி. விளக்கோடு இணைத்துவிட்டுக் கை தட்டினால் எரியும், இன்னொரு முறை தட்டினால் அணையும். கடைக்கு வருகிற எல்லோருக்கும் தட்டிக் காட்டினார். மீன் விற்றுவிட்டுச் சுங்கை செம்பிலாங் திரும்புகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம்தான் மாரியாயி அம்மா வந்தார். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவர். கூட ஒரு வாலிபன். உள்ளே வராமல் கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்றான். வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.

"ஏம்மா, எம் மவனுக்கு லைட்டு போடணும். அவனால சுவிட்சு போட முடியாது. அதுக்குத் தோதா ஏதோ புதுசா வந்திருக்காமே?"

தவுக்கே காதில் பாதிதான் விழுந்திருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "இருக்கு, இருக்கு! இங்க பாரு!" என்று தட்டினார். பல்பு எரிந்தது. மறுபடி தட்டினார். அணைந்தது. அந்த அம்மா அசையவில்லை. தவுக்கே வெளியே நின்றவனைக் கூப்பிட்டார். "தம்பி, வா லா! நீ தட்டு. சும்மா, பலமா தட்டு!"

அவன் உள்ளே வந்தான். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே சட்டைக் கை மடிக்கப்பட்டு ஊசி குத்தியிருந்தது. எண்ணெய் ஆலை இயந்திரம் இரண்டையும் எடுத்துக்கொண்டது என்று பிறகு தெரிந்தது.

"எதத் தட்ட தவுக்கே?" என்றான்.

தவுக்கேயின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. ஒயரைப் பிடுங்கினார். அவன்தான் சிரித்தான். "பரவால்ல தவுக்கே. நல்ல சாமானு. கை வெச்சிருக்கவனுக்கு வித்துடுங்க."

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவன் பெயர் குணா.

3. கடிகாரம்

தவுக்கே பெட்டியோடு பின்னால் போய்விட்டதால் நான்தான் பேச வேண்டியிருந்தது. பெரிய பட்டன் உள்ள வெள்ளைச் சுவிட்சைக் காட்டினேன். தாழ்வாகப் பொருத்தினால் முழங்கையால் அழுத்தலாம் என்றேன். குணா பலகையை நோக்கி வந்தான்.

"வேணாம்யா," என்று அம்மா இடையில் வந்து நின்றார். "சுவத்துல இடிச்சிக்குவ. இப்பத்தான் புண்ணு காஞ்சிருக்கு."

"ஒரு தரம் போட்டுப் பாக்கறேம்மா."

"நீ சும்மா இரு." அவர் பார்வை அலமாரியில் இருந்த டைமர் மீது போனது. "அது என்னாம்மா, கடியாரமாட்டம்?"

கடைகளின் பெயர்ப் பலகை விளக்குக்காக வைத்திருந்தோம் அதை. வட்டமான முகத்தில் மணி எழுதியிருக்கும். எத்தனை மணிக்கு எரிய வேண்டும், எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்று சின்ன ஊசிகளை வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். விளக்கிச் சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. "நம்ம எஞ்சின் வூடு மாதிரி! அவன் ஒண்ணையும் தொட வேணாம். அதையே குடும்மா."

"ம்மா," என்றான் குணா. குரலை உயர்த்தவில்லை. "சோறு ஊட்டற. குளிப்பாட்டற. சட்டை மாட்டி உடற. லைட்டையாச்சும் எனக்கு உடேன்."

அவர் காதில் விழாதது போல முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மணியம் அண்ணன் அன்றே புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த அவர்கள் வீட்டில் மாட்டிவிட்டு வந்தார். மகனுக்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில் வாங்கிய பலகை வீடு அது.

4. குணா தனியாக வந்தது

சில வாரம் கழித்துக் குணா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினான். சட்டைப் பையில் சில்லறை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கண்டக்டர் தானே எடுத்துக்கொண்டாராம். "நல்ல மனுசன்க்கா. மீதிய திருப்பி வெச்சிட்டாரு. நம்பித்தான் ஆவணும், எண்ணிப் பாக்க முடியாதே," என்றான்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னான்.

அவர்கள் பகுதியில் ஒரு நாள் மத்தியானம் கரண்டு போயிருக்கிறது. டைமரின் கடிகாரம் கரண்டில் ஓடுவது. கரண்டு போனால் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். கையால் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். மணியம் அண்ணன் மாட்டும்போது சொல்லிவிட்டுத்தான் வந்தார். மாரியாயி அம்மா அன்று ஒரு சாவுக்குச் சுங்கை ஆயர் தாவார் போயிருந்தார். பொழுது சாய்ந்தது. விளக்கு எரியவில்லை. சுற்றி எல்லா வீட்டிலும் வெளிச்சம்.

"பக்கத்து வீட்டுல யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமே தம்பி?"

"லைட்டு போட ஆளு வெச்சிக்கிற அளவுக்கு நான் இன்னும் பெரிய மனுசன் ஆவலக்கா."

அம்மா வாசல்படி ஏறும் நேரத்தில்தான் அது எரிந்ததாம். மகன் அத்தனை நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை.

"சொன்னா வேலைய உட்டுட்டு வூட்டுலயே குந்திக்கும். பொறவு எங்க ரெண்டு பேருக்கும் யாரு சோறு போடறது?" என்றான். "நானே போடற மாதிரி ஒண்ணு குடுங்க. ஒண்ணே ஒண்ணு."

தவுக்கே கேட்டுக்கொண்டிருந்தார். கயிறு சுவிட்சை எடுத்து வந்து, "இது வாயில பிடி, இழு. லேசு," என்றார். உதவுகிற எண்ணத்தில்தான் சொன்னார்.

"வாயில கயிறு மாட்டுக்குத்தான் தவுக்கே."

நான் பலகையைக் கழற்றி இறக்கி, அவன் முழங்கை உயரத்துக்குப் பிடித்துக்கொண்டேன். குணா பெரிய பட்டன் சுவிட்சின் மேல் கை நுனியை வைத்து அழுத்தினான். சறுக்கியது. மறுபடி அழுத்தினான். டக்கென்று பல்பு எரிந்தது. மேல்பக்கம் அழுத்தினான், அணைந்தது. போட்டான், அணைத்தான், போட்டான். சாமான் வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். தவுக்கே அவர்களிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினார். பலகை கனத்தது. அவன் நிறுத்தும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் நெற்றியெல்லாம் வேர்வை. துடைக்கவில்லை.

"நீங்களும் வாங்கக்கா. ஆம்பளைங்க சொன்னா அம்மா சண்டைக்கு வரும். பொம்பள சொன்னா கேக்கும்."

வாடிக்கையாளர் வீட்டுக்கு நான் போனதே இல்லை. தவுக்கே, "போ லா, கடை நான் பார்க்கிறேன்," என்றார்.

5. பொழுது இறங்கிய பிறகு

மணியம் அண்ணன் குணாவைச் சுவரோடு நிற்க வைத்து, முழங்கைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். டைமரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒயரைக் கீழே இறக்கிச் சுவிட்சைப் பொருத்தினார். முடிக்கும்போது மாரியாயி அம்மா வேலையிலிருந்து வந்துவிட்டார்.

"இது என்னா இம்புட்டு கீழ? ஆட்டுக்குட்டி வந்து போடவா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எனக்கு மறந்துவிட்டன. "அம்மா, அவரே போட்டுக்குவாரும்மா. நல்லா வருது. கடையில போட்டுப் பாத்தாரு," என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த டைமரைப் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். "சரி. பொழுது எறங்கட்டும். சாமிக்கு வெளக்கேத்திட்டுப் போடலாம்," என்றார்.

குளித்துவிட்டு வந்து எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். அதற்குள் வீட்டுக்குள் நன்றாக மங்கிவிட்டது. குணா சுவிட்ச் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இப்ப போடட்டுமா?"

"போடுய்யா."

ஒரே அழுத்து. சறுக்கவில்லை. டியூப் லைட் இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரிந்தது.

"எஞ்சின் டிரைவரு குணா!" என்று கத்தினான்.

மாரியாயி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் விளக்குப் போட்டதும், வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்வோம். யோசித்துச் செய்வதில்லை. நடக்கத் தொடங்கும் வயதிலிருந்து செய்வது. விளக்குப் போட்டவன் அவன் என்பதால் குணாவின் கைகள் தாமாக உயர்ந்தன. மடித்து ஊசி குத்திய இரண்டு சட்டைக் கைகளும் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றையொன்று தேடின. நுனிகள் தொட்டுக்கொண்டன. அதற்கு மேலே சேர்க்க ஒன்றும் இல்லை. புது வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா சத்தம் போட்டு அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

குணா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "பழக்கத்துல வந்துடுச்சும்மா. இனிமே செய்ய மாட்டேன்."

"கும்புடாதேன்னு எப்பிடிடா சொல்லுவேன்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கடியாரம் போட்டப்போ அது பாட்டுக்கு எரியும். அந்நேரம் நான் அடுப்படியில நிப்பேன், இவன் வாசல்ல நிப்பான். இத நான் பாத்ததில்லம்மா," என்றார்.

மணியம் அண்ணன் டூல்ஸ் பையைக் கட்டினார். நாங்கள் கிளம்பும்போது குணா சுவிட்சுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நின்றான். விளக்கை அணைக்கவில்லை.

வேனில் வரும்போது மணியம் அண்ணன், "வயரிங்ல ஒரு குத்தமும் இல்ல," என்றார். நான் ஆமாம் என்றேன்.

அதன்பிறகு பல வருடம் அந்தக் கவுண்டரில் நின்றேன். விளக்குத் தானாக எரிகிற சாமான்கள் விதவிதமாக வந்தன. யாராவது சுவிட்ச் கேட்டு வந்தால், வீட்டில் யார் போடுவார்கள் என்று முதலில் கேட்பேன். அதோடு, அவர்கள் போடும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றும் கேட்பேன். எதற்கு அந்தக் கேள்வி என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். இரண்டும் தெரியாமல் சுவிட்ச் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாது. இரண்டும் தெரிந்தாலும் சில வீட்டுக்கு எது சரி என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

குணா விளக்குப் போட்டதற்கு மறுநாள் காலையில், அம்மாவுக்காகக் கடிகாரத்தையே திரும்ப மாட்டிவிடச் சொல்லி, கடைக்கு வந்த தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவன் சொல்லி அனுப்பியிருந்தான். மத்தியானம் மணியம் அண்ணன் போய்ச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, டைமரைத் திரும்ப மாட்டி, மணியைச் சரியாக வைத்துவிட்டு வந்தார்.