சோப்புத் தெருவின் வட்டக்கல்

முப்பத்திரண்டு வருடம் பேருந்தில் விசில் ஊதியவரை அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகப் போட்டால் என்ன ஆகும் என்று காப்பாளர் அம்மா கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது கணீரென்ற ஒரு குரல். ஓய்வு பெற்று வீட்டில் மனைவியின் காலைச் சுற்றிக்கொண்டிருந்த கண்டக்டரிடம் அது தாராளமாக இருந்தது.

ஒரு காலத்தில் சோப்புக் காய்ச்சுகிறவர்கள் நிறைந்திருந்த பகுதி அது. அவர்களில் பெரிய வியாபாரி ஒருவரின் வீடுதான் இப்போது அருங்காட்சியகம். வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, பின்னாலிருக்கும் மூன்று தெருக்களுக்கும் கூட்டிப்போக வேண்டும். வியாபாரியின் படுக்கையறையில் நின்று, "உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குல்ல" என்று ஜனங்களை அடைத்தார் கண்டக்டர். ஒவ்வொரு அறையிலும் தலை எண்ணினார். விசிலை இரண்டாம் நாளே காப்பாளர் அம்மா வாங்கி மேசை டிராயரில் பூட்டிவிட்டார்.

சொல்ல வேண்டியதைப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேருந்து நிறுத்தங்களைப் போல வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டார். மூன்றாம் தெரு முனையில் கிடந்த வட்டக்கல்லைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. வருகிறவர்களோ அதைத்தான் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வியாபாரி குதிரை ஏறுவதற்கு வைத்த கல் என்றார். அடுத்த மாதம் குதிரை வெள்ளையானது. மழைக்காலத்துக்குள் வியாபாரியின் மனைவி அதிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். சொல்லிச் சொல்லிக் கண்டக்டருக்கே அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை பதினைந்து டிக்கெட். சமையலறையில் எண்ணினால் பதினாறு தலை. ஆள் குறைந்தால் கழிப்பறை வாசலில் போய்க் காத்திருப்பார் கண்டக்டர். கூடினால் அது டிக்கெட் இல்லாத பயணம். எல்லோரையும் டிக்கெட்டை எடுக்கச் சொன்னார். முழங்கால்வரை நனைந்த பேன்ட்டோடு, கையில் பையோடு ஒருவர் மட்டும் நெளிந்தார்.

"நான் பிளம்பர்ண்ணே. கொல்லைப்பக்கம் குழாய் பாக்க வந்தேன். நீங்கதான் முதுகுல கைய வெச்சு உள்ள தள்ளுனீங்க."

இரண்டு முறை நழுவப் பார்த்தாராம். நடுவில் யாரும் இறங்கக் கூடாது என்று கண்டக்டரே மறித்திருக்கிறார். அப்புறம் கதை பிடித்துப்போய், குழாயை மறந்து நின்றுவிட்டாராம். வேலையாளிடம் டிக்கெட் கேட்பதா என்று யோசித்து, கடைசி நிறுத்தம்வரை வரட்டும் என்று விட்டார் கண்டக்டர்.

வட்டக்கல் வந்தது. குதிரை மிரண்டது, கால் முறிந்தது, ஒரு பெண்மணி "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டினாள். பிளம்பர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது சாக்கடை மூடி."

நாலு தடவை உள்ளே இறங்கியிருப்பதாக அவர் தணிந்த குரலில் சொன்னார். சோப்புக் காய்ச்சிய கழிவெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. இப்போதும் சுவரில் நாலு விரல் கனத்துக்கு வெள்ளையாக ஒட்டியிருக்கிறதாம், தண்ணீர் பட்டால் வழுக்குமாம். கூட்டம் மொத்தமும் பிளம்பரைச் சூழ்ந்துகொண்டது. அப்படியானால் குதிரை என்று யாரோ இழுத்தார்கள். கண்டக்டருக்குக் காது சிவந்தது.

"குதிரை நான் விட்டதுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வேறு யாரும் போய்ச் சொல்லுமுன் தானே சொல்லிவிடுவோம் என்று நேராகக் காப்பாளர் அம்மாவிடம் போய் நின்றார். அவரோ குதிரையைக் காதில் வாங்கவே இல்லை.

"பதினோரு வருஷமா அந்தக் கல்லத் தாண்டித்தான் போறேன். எனக்கு யாருமே சொல்லலையே" என்று ஆதங்கப்பட்டார். மறுமாதமே கல் இருந்த இடத்தில் கம்பி வலையும் உள்ளே ஒரு விளக்கும் வந்தன. சனிக்கிழமைதோறும் அந்த நிறுத்தத்தில் பேசப் பிளம்பரும் வந்தார். ஐந்து நிமிடம் ஒதுக்கினால் அரை மணி நேரம் பேசினார். கண்டக்டருக்கு உள்ளூரப் புகைந்தது. ஒருநாள் பிளம்பரின் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு தானே இறங்கினார். ஏணியின் கடைசிப் படியில் சறுக்கி உட்கார்ந்தார். எழுந்து நகத்தால் சுவரைச் சுரண்டினார், வெள்ளையாக வந்தது. முகர்ந்து பார்த்தார். எத்தனையோ பேர் வேர்க்க வேர்க்கக் கிண்டிக் காய்ச்சியது தன் நகத்தில் இருக்கிறது என்று நினைக்க, கொஞ்ச நேரம் மேலே ஏறத் தோன்றவில்லை.

அன்று அவர் மனைவி அவரை மூன்று முறை குளிக்கவைத்துத்தான் வீட்டுக்குள் விட்டார்.

அடுத்த சனிக்கிழமை, பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னார் கண்டக்டர். ஆழம் ஆறடிதான், அதை மட்டும் எட்டடி என்றார். பக்கத்தில் நின்ற பிளம்பர் ஆமாம் என்று தலையாட்டினார்.