ஏழாவது வரியில் ஒரு டிக்

எங்கள் தொழிற்சாலையில் மெஷின்கள் ஓடும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் முனிராஜு இறந்துபோன செய்தியைப் பத்து மணி டீ இடைவேளையில்தான் பார்த்தேன். சத்யா அனுப்பியிருந்தாள்: “முனிராஜண்ணா காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். பாகலூர் வீட்டுக்கு எல்லாரும் வந்துடுங்க.” அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. ‘இனி அந்த ரெக்கார்டிங்கை யாரும் கேட்க மாட்டார்கள்’ என்றுதான் தோன்றியது. மனசு லேசானது. வரிசையில் நின்று டீ வாங்கிக் குடித்தேன், பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் என்ன நினைத்தேன் என்பது எனக்கே உறைத்தது.

சத்யா, அஸ்லம், கோபி, நீங்கள் மூன்று பேரும்தான் முனிராஜுவைப் பற்றி என்னை எழுதச் சொன்னீர்கள். “நீங்கதான் சார் கோர்வையா எழுதுவீங்க, லீடரும் நீங்கதான்” என்றாள் சத்யா. நம்மைத் தெரியாத யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். ஓசூரிலும் சுற்று வட்டாரத்திலும் வேலை பார்க்கிற நாங்கள் ஐந்து பேர், ஞாயிறு காலை பத்து மணிக்கு அவரவர் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து போர்விமானம் ஓட்டுகிறவர்கள். சிமுலேட்டர் விளையாட்டு. விமானி அறையின் ஒவ்வொரு சுவிட்சும் அதில் உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே ஐந்து நிமிடம் ஆகும். பிள்ளைகுட்டிக்காரர்கள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இல்லாத எதிரியைத் துரத்துவதைப் பார்த்து எங்கள் வீடுகளில் சிரிக்காத ஆள் இல்லை. எங்களுக்கு அது விளையாட்டாக இருந்ததில்லை. முனிராஜுவுக்கு சற்றும் இல்லை.

அவர் ஏர் கம்ப்ரஸர் சர்வீஸ் செய்கிற டெக்னீஷியன். பைக்கில் கருவிப்பையைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி வரைக்கும் ஒவ்வொரு தொழிற்சாலையாகப் போய் வருவார். நான் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன். அளவு பார்த்து, சரி என்றோ தவறு என்றோ கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. எட்டு வருடம் முன்பு எங்கள் கம்ப்ரஸரைப் பார்க்க வந்தவர், என் மேசையில் கணினித் திரையிலிருந்த போர்விமானப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். “ஜாகுவாரு சார் இது. மிசைல ரெக்கைக்கு மேல மாட்டிருக்குது பாருங்க. நம்மூர்ல பறக்கறது இப்டித்தான் இருக்கும்” என்றார். ஓசூரிலேயே எனக்கு மட்டும்தான் விமானம் தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு ஒருவர் வந்து அதைச் சொன்னதில் எனக்கு லேசான எரிச்சல் இருந்தது. அன்றிலிருந்து கடைசிவரை அவர் என்னை சார் என்றார், நான் அவரை முனிராஜு என்றேன். இரண்டு பேருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

பெங்களூர் விமானக் கண்காட்சிக்கு ஒருமுறை ஐந்து பேரும் போனோம். உள்ளே போகவில்லை, சுவருக்கு வெளியே, யாரோ கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மொட்டைமாடியில் ஏறி நின்றோம். நாம் நாலு பேரும் அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருக்க, முனிராஜு மட்டும் சிமென்ட் மூட்டைமேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். “சுகோய். ரெண்டு இன்ஜினு. இப்ப வர்றது தேஜஸ்.” ஒன்றுகூடத் தப்பவில்லை. கொத்தனார்கள் வேலையை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குக் கன்னடத்தில் விளக்கம் வேறு. எப்படி என்று அஸ்லம் கேட்டதற்கு அவர் சொன்னது நினைவிருக்கிறதா? “கம்ப்ரஸரும் இதும் ஒண்ணுதான் தம்பி. ரெண்டும் காத்த அமுக்கற மெஷினு. காது குடுத்தா அதுவே சொல்லும்.”

நம் ஐந்து பேர் கால் மிதிகளையும் செய்தது அவர்தான். விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்புகிற மிதிகள். கழித்துப்போட்ட இரும்பிலும் ஸ்கூட்டர் ஸ்பிரிங்கிலும் செய்தவை. என்னுடையதைச் சாக்குப்பையில் போட்டு டவுன் பஸ்ஸில் மத்திகிரியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து மாட்டிக்கொண்டே, “லெஃப்ட்டு பெடலக் கொஞ்சம் லூஸா வெச்சிருக்கறேன் சார்” என்றார். ஏன் என்று கேட்டேன். “உங்களுக்கு எடது முட்டி மடங்க மாட்டேங்குதே. படி எறங்கறப்ப பாத்தேன்.” என் முழங்கால் வலியை நான் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை.

இனி செக் ஷீட்டுக்கு வருகிறேன். அதுவும் அவர் கொண்டுவந்த வழக்கம். பன்னிரண்டு வரி, எதிரே கட்டம், அடியில் கையெழுத்து. ஓடுபாதையில் விமானம் நகர்வதற்கு முன் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்த்து டிக் போட வேண்டும். விளையாட்டுக்குமா செக் ஷீட் என்று கேலி செய்தவன் நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “கரண்ட் ஆஃப்னு ஷீட்ல டிக் இருந்தா நான் மெஷினுக்குள்ள கைய வுடுவேன் சார். டிக் போட்டவன் மூஞ்சிகூட எனக்குத் தெரியாது. அவன நம்பித்தான் வுடறேன்” என்றார். அதற்குப் பிறகு யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? மெஷின் ஓட்டுகிறவர்கள் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பே ஒரு பத்தி முழுக்க மளமளவென்று டிக் போட்டு வைப்பார்கள். அதைக் கண்டுபிடித்துத் திட்டுவது என் உத்தியோகம். வீட்டில் அதையே நான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கான தாளைச் சனிக்கிழமை மாலையே, டிவி பார்த்துக்கொண்டே, மேலிருந்து கீழ்வரை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன்.

ஏழாவது வரி, அடையாள சுவிட்ச். அது ஆனில் இருந்தால், ரேடாரில் பார்க்கிற நம் ஆளுக்கு ‘நான் உன் பக்கம்’ என்று விமானம் தானாகவே பதில் சொல்லும். ஆஃபில் இருந்தால் பதில் வராது. எதிரி என்றுதான் தோன்றும்.

பதினான்கு மாதம் முன்பு பெங்களூர் குழுவோடு நடந்த போட்டியை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆளுக்கொரு ஐ.டி. கம்பெனிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். அவர்களை ஜெயித்தே தீர வேண்டும் என்று எனக்கு வெறி. நானும் முனிராஜுவும் ஒரு ஜோடி, ஒரு ரேடியோ சேனல். நீங்கள் மூன்று பேரும் வேறு சேனல். கடைசிக் கட்டத்தில், ஒரு எதிரியைத் துரத்திக்கொண்டு மேகத்துக்குள் போன என்னைப் பின்னாலிருந்து வந்த ஏவுகணை அடித்தது. அடித்தவர் முனிராஜு. நாம் தோற்றோம். பெங்களூர்க்காரர்கள் சிரித்தது ஹெட்போனில் கேட்டது.

அன்று மாலை மத்திகிரி பஸ் ஸ்டாப் டீக்கடையில் உங்கள் எல்லார் முன்னாலும் நான் அவரை நிற்கவைத்துக் கேட்டேன். “சுடறதுக்கு முன்னாடி யாருன்னு கேக்க மாட்டீங்களா?”

“ரெண்டு வாட்டி கேட்டேன்னு நெனைக்கிறேன் சார். ரேடார்லயும் பதில் வரல.”

“நீங்க கேக்கவே இல்ல. என் சுவிட்ச் ஆன்லதான் இருந்தது” என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த செக் ஷீட்டை எடுத்து மேசையில் போட்டேன்.

அவர் அந்தத் தாளை எடுத்தார். வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. பிறகு அடியில் என் கையெழுத்தைப் பார்த்தார். “டிக் இருக்குது. அப்ப என் தப்புதான் சார். கேக்காமயே சுட்டுட்டேன் போலிருக்குது” என்றார். தன் கண்ணால் பார்த்ததையும் தன் வாயால் கேட்டதையும் விட்டுவிட்டு என் டிக்கை நம்பினார். “கொஞ்ச நாள் தனியா ஓட்டிப் பழகுங்க, அப்பறம் கூப்பிடறேன்” என்றேன். நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் என் டிக்கை நம்பியவர்கள்தானே.

போட்டி ஓடியது என் கணினியில். அதனால் முழு ரெக்கார்டிங்கும் என்னிடம் மட்டும்தான் இருந்தது. மறுநாள் அதை ஓட்டிப் பார்த்தேன். என் விமானத்துக்குள் ஏழாவது வரியின் சுவிட்ச் ஆஃபில் இருந்தது. ஓடுபாதையில் ஆரம்பித்து அடிபட்டு விழும்வரை ஆஃபில்தான் இருந்தது. எதிரியைத் துரத்துகிற வேகத்தில் நான் காதில் வாங்காத முனிராஜுவின் குரல் தெளிவாகக் கேட்டது: “முன்னாடி மேகத்துக்குள்ள யாரு? நம்மாளா?” சற்று இடைவெளி. “நம்மாளா சார், சொல்லுங்க.” இரண்டு முறை. அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

அன்றே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அடுத்த வாரம், இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று தள்ளினேன். ஒரு மாதம் கழித்து அவர் எங்கள் தொழிற்சாலைக்கு சர்வீஸுக்கு வந்தார். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்து, “அந்த ரெக்கார்டிங் இருந்தா அனுப்புங்க சார். எங்க தப்பு பண்ணேன்னு பாத்துத் திருத்திக்கறேன்” என்றார். அழிந்துவிட்டது என்றேன். “பரவால்ல சார்” என்று சொல்லிவிட்டு, போகிறபோது முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். அதற்குப் பிறகு கம்ப்ரஸர் சர்வீஸ் நாள் எது என்று தெரிந்துகொண்டு, அன்று வேறு பிரிவில் வேலை வைத்துக்கொண்டேன்.

சாவு வீட்டில் நீங்கள் எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, அவர் மனைவி லட்சுமம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள், நான் மழுப்பினேன். அவருடைய கணினி இருந்த மூலையைக் காட்டத்தான் கூப்பிட்டார். “ஞாயித்துக்கெழம ஆனா அதே பத்து மணிக்கு உக்காந்துக்குவாரு சார். ஒத்தையா. சர்ச்சுக்குப் போற மாதிரி தப்பவே மாட்டாரு. ஏன் ஒத்தையா ஆடறன்னு கேட்டா, ‘இன்னும் தப்பு சரியாவல, சரியானா சாரே கூப்புடுவாரு’ம்பாரு.” அப்புறம், “நீங்க கூப்புடலாம்னுதான் இருந்தீங்க, இல்லீங்களா சார்?” என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இதுவும் பொய். சுவரில் செக் ஷீட் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு வரிக்குக் கீழே பால் பேனாவில், அவர் கையெழுத்தில், பதின்மூன்றாவதாக ஒரு வரி: ‘சுடுமுன் மூன்று முறை கேட்கவும்.’ இரண்டு முறை கேட்ட மனிதர், போதவில்லை போலிருக்கிறது என்று மூன்றாக்கியிருக்கிறார்.

நம் குழுவில் எப்போதும் கடைசியாகத் தரையிறங்குகிறவர் அவர். எல்லா விமானமும் ஓடுபாதையைத் தொடும்வரை மேலேயே சுற்றிக்கொண்டு, “ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு” என்று தெலுங்கில் எண்ணுவார். அப்புறம்தான் தன் சக்கரத்தை இறக்குவார். இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நம்மில் யாரும் அவரை எண்ணவில்லை. நீங்கள் எண்ணாததற்குக் காரணமும் நான்தான்.

வருகிற ஞாயிறு அவர் நினைவாக அணிவகுத்துப் பறக்கலாம், அவர் இடமான மூன்றாம் இடத்தைக் காலியாக விட்டு, நான் தலைமை தாங்க வேண்டும் என்கிறாய் சத்யா. இறந்த விமானிக்குச் செய்கிற மரியாதை அதுதான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த இடம் அவர் இறந்ததால் காலியாகவில்லை. நான் காலி செய்தது அது. ஆகவே தலைமையில் நான் வர மாட்டேன். நீ முன்னால் போ. இதைப் படித்த பிறகும் என்னைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்றால் கடைசியில் வருகிறேன், எல்லாரும் இறங்கியதும் எண்ணிவிட்டு இறங்குகிறேன். சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் அது நியாயம்தான். ரெக்கார்டிங்கை இந்தக் குறிப்போடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். லட்சுமம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். அந்த வீட்டு வாசலில் என்னால் எப்படி நிற்க முடியும் என்பதுதான் தெரியவில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, என் இடது காலுக்காக அவர் தளர்த்தி வைத்த மிதி. இன்னொன்று, டீக்கடை மேசையில் நான் வீசிய அந்தத் தாள். பன்னிரண்டு டிக்குகள், ஓரத்தில் அவர் விரல் பட்ட எண்ணெய்க் கறை, அடியில் என் கையெழுத்து. ஏழாவது டிக் பொய் என்று இப்போது உங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாமலே போனவர் அவர் ஒருவர்தான்.