ஐந்து மோட்டாரும் ஒரே நேரத்தில்: மின்கட்டணத்துக்கு வழி தேடி கடலூர், சிதம்பரம்

எங்கள் கல்லூரி மகளிர் விடுதியின் வாசிப்புக் கூடத்தை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிட நிர்வாகம் யோசித்ததுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். மின்கட்டணம் தாங்கவில்லையாம். ஆத்தூர் பக்கத்துச் சின்னக் கல்லூரி எங்களுடையது. நான் இயற்பியல் ஆசிரியை. வேறு யாரும் முன்வராததால் மின்சாரக் குழுவும் என் தலையில். அந்தக் கூடத்தில் படிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு விடுதி அறையில் உட்காரக்கூட இடமில்லை, ஓர் அறைக்கு ஆறு பேர். "ரெண்டு மாசம் குடுங்க சார்" என்று தாளாளரிடம் கேட்டுக்கொண்டு, சென்ற ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

சூரியத் தகடு போட்டால் தீர்ந்தது என்பது என் எண்ணம். கடலூர் முதுநகரில் நியாயமாக விற்கும் ஒரு கடை இருப்பதாகத் தோழி சொல்லியிருந்தாள். ஆத்தூரில் காலை 5.20-க்குப் பேருந்து ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, 9.50-க்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். சுமார் 150 கிலோமீட்டர், இரண்டு டிக்கெட்டும் சேர்த்து 145 ரூபாய். முதுநகருக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. ஜன்னல் சீட்டும் கிடைத்தது. இதைவிட என்ன வேண்டும்?

கடைக்காரர் கமால் பாய் குவைத்தில் பன்னிரண்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, எங்கள் மின்கட்டண ரசீதை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நான் விலைப்பட்டியலுக்காகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"யூனிட்டு ஒண்ணும் ஜாஸ்தி இல்ல மேடம். டிமாண்டுதான் ஜாஸ்தி" என்றார். "ஒரே நேரத்துல எவ்ளோ இழுக்கறீங்கன்னு மீட்டரு குறிச்சிக்கும். மாசத்துல ஒரு நாளு, கொஞ்ச நேரம் ஏறுனா போதும், அந்த மாசம் முழுசுக்கும் அதுக்குத்தான் காசு. நீங்க எழுதிக் குடுத்த அளவ வேற தாண்டிருக்கீங்க, அபராதம் மாதிரி சேத்துப் போட்டுருக்கான்."

இது எனக்குத் தெரியாததல்ல. பாடமே நடத்துகிறேன். ஆனால் குற்றவாளி யார் என்பதில்தான் என் கணக்கு வேறாக இருந்தது. விடுதிப் பெண்கள் திருட்டுத்தனமாக வைத்திருக்கும் அயர்ன் பாக்ஸ்தான் காரணம் என்று முடிவு கட்டி, போன மாதம் அறை அறையாகச் சோதனை போட்டு ஒன்பது பெட்டிகளைப் பறித்து வந்தவள் நான். ஒரு பெண் அழுதே விட்டாள்.

"தகடு விக்கறவன்தான் நானு. ஆனா இப்ப வாங்காதீங்க. சிதம்பரத்துல ராஜவேலுன்னு நம்ம மச்சான் ஒருத்தரு காலேஜு கரண்டு பாக்கறாரு. அவுங்க பில்லு எப்டி கொறஞ்சிச்சின்னு பாத்துட்டு வாங்க. அப்பறமும் தேவப்பட்டா போட்டுக்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்றார். லட்சக்கணக்கில் வரவிருந்த வியாபாரத்தை ஒரு டீச் செலவோடு அனுப்பிவைத்த மனிதரை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டதென்று கடையைப் பூட்டும்போதும் அந்த மச்சானிடம் போனில் எனக்காகச் சொல்லிக்கொண்டுதான் போனார். உங்களில் யாராவது முதுநகர் கடைகளுக்குப் போவதானால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். பிறகு இரண்டரைக்குத்தான் திறப்பார்கள்.

மீன் சாப்பாடு 160 ரூபாய்க்கு. விலை ஏறிய வஞ்சிரத்தைத் தொடாமல் சங்கரா சாப்பிட்டேன், வருத்தமில்லை. மதியம் 2.10-க்குப் பேருந்து, புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம், ஒன்றேகால் மணி நேரம். மேலவீதிப் பக்கம் லாட்ஜில் அறை 850 ரூபாய். அறை சுத்தம், ஆனால் வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். கரண்ட் மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது, குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சனிக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து அண்ணாமலை நகருக்குப் போய், அங்கிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் வேறொரு ஆட்டோவில். எந்தக் கல்லூரி என்று எழுத வேண்டாம் என ராஜவேல் கேட்டுக்கொண்டார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பம், ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் டெஸ்டர், காலில் ரப்பர் செருப்பு. பத்தே முக்காலுக்கு அவரோடு பம்ப் அறைக்குள் நுழைந்தேன். ஐந்து நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது.

"நல்லதாப் போச்சி. இருங்க, வரட்டும்" என்றார். இருபது நிமிஷம் கொசுக்கடியில் நின்றோம். கரண்ட் வந்தது. அங்கிருந்த நான்கு மோட்டாரில் ஒன்று மட்டும் ஓடத் தொடங்கியது. மற்ற மூன்றும் பேசாமல் இருந்தன.

"கேளுங்க மேடம். ஒரு மோட்டாரு சத்தம்தான். அந்தத் தொட்டி நெறஞ்சாத்தான் அடுத்தது ஓடும். டைமரு போட்டுருக்கேன். மின்ன எல்லாத்துக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரு போட்டு வச்சிருந்தோம். கரண்டு வந்ததும் நாலும் எழும்பும், ஏசியும் எழும்பும், மெஸ்ஸுல கிரைண்டரும் எழும்பும். மீட்டரு அப்பத்தான் குறிக்கும்."

எங்கள் கல்லூரியில் ஐந்து மோட்டாருக்கும் ஆட்டோ போட வைத்ததே நான்தான். பம்ப் ஆபரேட்டர் வெயிலில் ஐந்து இடத்துக்கும் ஓடுகிறாரே என்று மனு எழுதி, கையெழுத்து வாங்கி, முன்னே நின்று மாட்டவைத்தேன். கரண்ட் வந்ததும் ஐந்தும் சேர்ந்து உறுமும்போது ஒவ்வொரு முறையும் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒன்பது அயர்ன் பாக்ஸ் என்ன பாவம் செய்தது!

அதை அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இங்க போட்டதும் நான்தான மேடம். எங்க கொல்லையில போர் மோட்டாருக்கு ஆட்டோதான். கரண்டு எப்ப வரும்னு தெரியாது, யாரு போயி சுவிட்சப் போடறது? அங்க ஃப்ரீ கரண்டு, டிமாண்டு கிமாண்டு ஒண்ணும் கெடயாது. அந்தப் பழக்கத்த அப்டியே காலேஜிக்குக் கொண்டாந்துட்டேன். ரெண்டு வருசம் தெண்டம் கட்டுனாங்க. யாரும் என்னய ஒரு வார்த்த கேக்கல, அதான் எனக்கு ரோசமாப் போச்சி."

டைமர் எப்படி இணைப்பது என்று தன் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து வரைந்து கொடுத்தார். எந்தத் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் என்று முதலில் ஒரு வாரம் குறிக்கச் சொன்னார். மெஸ்ஸில் மாவரைக்கும் நேரத்தை மாற்றியதுதான் பெரும்பாடாம். "மோட்டாரு சொன்னாக் கேக்குது. மாஸ்டரு கேக்க ரெண்டு மாசம் ஆச்சி" என்றார். பிறகு அந்த மாஸ்டரின் கேசரியையே எனக்குச் சாப்பிடக் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். மதியம் 1.30 பேருந்தில் விருத்தாசலம் வழியாகத் திரும்பி, ஏழரைக்கு வீடு. போக வர, தங்க, தின்ன எல்லாம் சேர்த்து 1,690 ரூபாய்.

திங்கட்கிழமை பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்து, அழுத பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். டைமர் வாங்க கமால் பாய் கடைக்கே எழுதினோம், கூரியரில் வந்தது. அடுத்த மாத ரசீதில் டிமாண்ட் ஒப்பந்த அளவுக்குள் இறங்கியிருந்தது. குழுக் கூட்டத்தில், இவ்வளவு நாள் இது யாருடைய தவறு என்று தாளாளர் கேட்டார். நான்தான் என்றேன். அவர் ரசீதை மடித்து வைத்துவிட்டு, "கூடம் பத்து மணி வரைக்கும் இருக்கட்டும்மா" என்றார்.

இதுபோல் கிளம்புகிறவர்களுக்கு: பன்னிரண்டு மாத ரசீதுகளையும் எடுத்துப் போங்கள், தகடு விலை கேட்பதற்கு முன் அவற்றில் டிமாண்ட் என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். கரண்ட் வரும் நேரத்தில் உங்கள் பம்ப் அறையில் ஒருமுறை நில்லுங்கள். மெஸ் மாஸ்டரைக் கூட்டத்துக்கு அழைக்க மறக்காதீர்கள். முன்பே போன் செய்யாமல் எந்தக் கல்லூரி வாசலுக்கும் போகாதீர்கள். கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜவேலுக்குப் போன் செய்து எத்தனை ரூபாய் மிச்சம் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"அது கெடக்கட்டும் மேடம். புள்ளைங்க படிக்கறாங்களா?"

"படிக்கிறாங்க. நாப்பது பேரு உக்காந்திருக்காங்க."

"அப்ப சரி. நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.