அந்த நீதிபதி நீடிக்கலாமா?

எங்கள் ஒரே மகள் இறந்து ஆறு வருடங்களுக்குப் பிறகு அந்த வாக்குச்சீட்டு ஈமெயிலில் வந்தது. அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் பத்தொன்பது வருடம் வாழ்ந்து, அந்த நாட்டுக் குடிமக்களாகி, அவள் இல்லாத ஊரில் இருக்க முடியாமல் மெல்பேர்னுக்கு வந்தவர்கள் நாங்கள். கணவரின் தம்பி அங்கே ரோவில் என்ற இடத்தில் இருந்தார். நாங்கள் பக்கத்தில் கிளென் வேவர்லியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வோட்டு மட்டும் அமெரிக்காவிலேயே இருந்தது.

அவளுக்கு இருபது வயது. பச்சை விளக்கில் வீதியைக் கடந்தாள். குடித்துவிட்டு ஓட்டி வந்தவன் நிறுத்தவில்லை. அவனும் காயப்பட்டு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போது நீதிமன்ற அனுமதி எடுக்காமல் பொலிஸ் அவனுடைய இரத்தத்தைச் சோதிக்க வைத்தது. கீழ் நீதிமன்றம் அவனுக்குச் சிறை கொடுத்தது. மாநில உச்ச நீதிமன்றம், அந்தச் சோதனை செல்லாது என்றது. அவன் குடித்திருந்தான் என்பதற்கு வேறு சாட்சி இருக்கவில்லை. வெளியே வந்துவிட்டான். தீர்ப்பை எழுதிய நீதிபதியின் பெயரை என் கணவர் அன்றிலிருந்து மறக்கவில்லை.

அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை ஆளுநர் நியமிப்பார். சில வருடங்களுக்கு ஒருமுறை, பொதுத் தேர்தலோடு சேர்த்து மக்களைக் கேட்பார்கள்: இவர் பதவியில் நீடிக்கலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. கணவர் இதை விளக்கியபோது அவருடைய தம்பி, "நீதிபதிக்கும் வோட்டோ அண்ணை?" என்று நம்பாமல் கேட்டார். இங்கே அப்படி ஒரு வழக்கம் இல்லை.

அந்த நீதிபதியின் முறை வரும் வருடத்துக்காகவே கணவர் காத்திருந்தார். காலையில் தேநீரோடு உட்கார்ந்து அங்குள்ள பழைய சிநேகிதர்களை ஒவ்வொருவராக அழைப்பார். "மற்றதுகளுக்கு விரும்பினதைப் போடுங்கோ. இந்தாளுக்கு மட்டும் இல்லை எண்டு போடுங்கோ." சிலர் மகளை நினைத்து அழுதார்கள். சிலர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்குப் பிறகு அவர் எதிலும் அத்தனை ஊக்கம் காட்டி நான் பார்த்ததில்லை. அதனால் தடுக்கவும் மனம் வரவில்லை.

நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் ஒரு மத்தியானம் ஆளே இல்லை. போனில் அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்தேன். அதுவரை நான் அதை வாசித்ததில்லை. முதல் பத்தியிலேயே மகளின் பெயர் இருந்தது, வயது இருந்தது. அவளுடைய பெற்றோருக்கு இந்தத் தீர்ப்பு ஆறுதல் தராது என்று தெரிந்தே எழுதுவதாக அந்த மனிதர் எழுதியிருந்தார். அனுமதி கேட்கப் பொலிசுக்குப் போதிய நேரம் இருந்தும் கேட்கவில்லை. இன்று இதை விட்டுவிட்டால், நாளைக்குக் குற்றமே செய்யாத ஒருவரின் உடம்பிலும் ஊசி குத்தலாம் என்றும் எழுதியிருந்தார். அதில் பிழை கண்டுபிடிக்க இரண்டு தடவை வாசித்தேன். கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, அந்தத் தீர்ப்பை வாசிச்சனான்."

"ஏன் வாசிச்சனீர்?"

"பிழை பொலிசில. அந்தாள் வேற மாதிரி எழுதியிருக்க ஏலாது எண்டுதான் எனக்குப் படுது."

அவர் "சரி" என்றார். அவ்வளவுதான்.

வாக்குச்சீட்டுகளை அச்சடித்து, நிரப்பி, ஸ்கான் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். நான் எல்லாவற்றையும் நிரப்பினேன். அந்தப் பெயருக்கு நேரே வந்ததும் கை நின்றுவிட்டது. ஆம் என்று போட்டால் மகளுக்குத் துரோகம். இல்லை என்று போட்டால் பொய். இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஸ்கான் செய்தது அவர். என் தாளை மெஷினில் வைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"பிள்ளைக்காக ஒரு கட்டத்தை நிரப்ப உமக்கு ஏலாமப் போச்சே?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். என் தாளையும் தன்னுடையதோடு சேர்த்து அனுப்பிவிட்டு, வெளியே நடக்கப் போனார்.

நவம்பரில் முடிவு வந்தது. அந்த நீதிபதி சுலபமாக வென்றார். அவரோடு வாக்குச்சீட்டில் இருந்த மற்ற நீதிபதிகளும் அப்படியே. அந்த மாநிலத்தில் அநேகமானவர்கள் அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டுக்கூட இருக்கமாட்டார்கள். கணவர் லாப்டாப்பை மூடினார். அந்தக் கிழமையே தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப்போவதாகச் சொன்னார். நான் மறிக்கவில்லை. மறித்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

மாதங்கள் போய்விட்டன. மகளின் திவசத்துக்குக் கேரம் டவுன்ஸ் கோயிலில் சந்தித்தோம். ஐயர் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளுடைய நட்சத்திரத்தைச் சொன்னோம். அவர் மெலிந்திருந்தார். திரும்பும்போது என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

"உள்ளுக்கு வாங்கோவன். சாப்பிட்டுப் போகலாம்."

"தம்பி பாத்துக்கொண்டிருப்பான்" என்றார். பிறகு, காரின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "நீர் சொன்னதும் சரியா இருக்கலாம். ஆனா எனக்கு அது தேவையில்லையப்பா" என்றார்.

கார் போன பிறகு கதவைத் திறந்து உள்ளே போனேன். இரண்டு பேருக்குச் சமைத்து வைத்திருந்தேன்.