நாற்றங்காலைத் தாண்டிய கோல்ஃப் பந்து

நான் அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டீர்கள்? நீளமான இரும்பு மட்டை நம் பாகூர் மண்ணுக்கு ஆகாது.

மச்சான் சேவியர் பிரான்சிலிருந்து கோல்ஃப் பையோடு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் சம்பந்தியோடு ஆட்டம். போன முறை தோற்றதை அவர் இன்னும் மறக்கவில்லை. பயிற்சி எல்லாம் கஸ்தூரி அக்காவின் அறுவடை முடிந்த வயலில்தான்.

இன்று காலை இரும்பு மட்டையை வீசினார். அதன் மெல்லிய தகடு நெல் தாளில் சிக்கி மண்ணைப் பெயர்த்தது. பந்து உருண்டுபோய்ப் பக்கத்து நாற்றங்காலில் விழுந்தது.

"இன்னா சேவியரு, உழுவறதுக்கு நான் டிராக்டரே சொல்லிக்கிறேனே! இன்னொரு பந்து என் நாத்துல வுழுந்துது, மூட்டைய கட்டிக்கினு கெளம்பு" என்றார் அக்கா.

மச்சான் முகம் சுருங்கிவிட்டது.

நான்தான் பையைத் துழாவி, குண்டுத் தலை ஹைப்ரிட் மட்டையை எடுத்து நீட்டினேன். "இதுக்கு அடிப்பக்கம் உருண்டை மச்சான். தாளுல சிக்காம வழுக்கினு போவும்."

அடித்தார். பந்து நாற்றங்காலையும் வாய்க்காலையும் தாண்டி, தென்னை உயரத்துக்குப் பறந்து அந்தப் பக்கத் தரிசில் விழுந்தது.

"தம்பிக்கு இருக்கற மூளைய பாரேன்!" என்றார் அக்கா.

பையிலிருந்த நீளமான இரும்பு மட்டைகள் இரண்டும் இப்போது என் வீட்டுப் பரணில்.

ஒரு சிறு திருத்தம். கஸ்தூரி அக்கா இந்தப் பதிவுக்கு லைக் போட்டுவிட்டார், அதனால் சொல்கிறேன். மட்டையைத் தேடி எடுத்து நீட்டியது அவர்தான். நான் சொன்னது, "இரும்பையே இன்னும் வேகமா வீசு மச்சான்!"