அத்தை நீட்டிய கை

2024 மார்ச் 4 — 12.1
ஏப்ரல் 8 — 11.8
மே 13 — 11.9
ஜூன் 10 — 12.0
ஜூன் 24 — 3.1

முதல் நான்கும் சங்கரேஸ்வரியின் ஹீமோகுளோபின் அளவு. ஐந்தாவது, அவள் வயிற்றிலிருந்த ஆறு மாதப் பிள்ளையுடையது. திருநெல்வேலியில் தொப்புள்கொடியிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஊசி குத்துகிறவள் அவள். நரம்பு அகப்படாத கிழவர்கள் அவள் கைக்காகவே காத்திருப்பார்கள். ஆனால் கீழப்பாவூர் வீட்டில் ரத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுவது தங்கபுஷ்பம் அத்தைதான். சங்கரேஸ்வரியின் அப்பாவுக்கு அக்காள், மாமியாரும் அவளே.

"வாரந்தவறாம ஆட்டுச் சுவரொட்டி வறுத்துக் குடுத்தேன். அத நாய்க்குப் போட்டா பிள்ளைக்கு எப்படி ரத்தம் ஊறும்?" என்று தெருவெல்லாம் சொன்னாள் அத்தை. ரத்தம் ஊற ஆட்டு மண்ணீரலை விட்டால் வேறு மருந்தில்லை அவளுக்கு.

"எனக்குப் பன்னெண்டு இருக்கு அத்தை. வேணும்னா நாய்க்கும் பாத்துச் சொல்லுதேன்" என்பாள் சங்கரேஸ்வரி. சிரிப்பு மட்டும் வராது.

டிசம்பரில் மரபணு மருத்துவர் காரணம் சொன்னார். கருவில் சிவப்பணுவை முதிரச் செய்யும் ஒரு மரபணுவில் பிழை. அது ஒரு பக்கம் மட்டும் வந்தால் வெளியே தெரியாது. தாய் தந்தை இரு பக்கத்திலிருந்தும் வந்தால் அணுக்கள் பாதியில் நின்று அழிந்துவிடும். சங்கரேஸ்வரியிடம் அது இருந்தது. கணவன் மாரிராஜுக்கும் பார்த்து உறுதிசெய்தால்தான் அடுத்த கருவை முன்கூட்டியே சோதிக்க முடியும்.

"என் மவன் ரத்தத்துல குறை சொல்லுதியா?" என்று அத்தை குதித்தாள். குற்றாலத்தில் வேன் ஓட்டும் மாரிராஜ் இருவருக்கும் நடுவே சிக்காமல் சவாரிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பொங்கல் கழிந்த நான்காம் நாள், அத்தை தனியே பஸ் ஏறிப் பரிசோதனை நிலையத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, உங்கப்பனும் நானும் ஒரு வயித்துப் பிள்ளைய. உங்கிட்ட இருக்கது எங்கிட்ட இல்லாமலா போவும்? மொதல்ல எனக்குக் குத்து. அவன் பொறவு வருவான்."

"வலிக்கும் அத்தை."

"ஊருக்கெல்லாம் வலிக்காமக் குத்துத. மாமியாருக்கு மட்டும் வலிக்குமாக்கும்?"

அத்தையிடமும் மாரிராஜிடமும் அதே பிழை இருந்தது. அதன்பிறகு அத்தை தெருவில் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

2025 ஜூனில் இரண்டாவது கருவுக்குப் பன்னிரண்டு வாரம். நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். நான்கில் ஒரு பங்கு ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அத்தை வாசலுக்கு வந்துவிடுவாள்.

பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டுமே பிழை. அப்பனைப் போல, ஆச்சியைப் போல. ரத்தம் ஊறுவதற்குத் தடையில்லை. அந்தக் கடிதம் கீழப்பாவூருக்கு வந்தது 2025 ஜூலை 17, வியாழக்கிழமை.