வாய் தேய்ந்த பேரல்

மராத்தி பேசும் ஊரான கட்கியில் இருந்த ரைஃபிள் கிளப்பில் அவளைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. அதை மறைக்க அவள் சிரமப்படவும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. கிளப் என்றால் நீளமான ஒரு தகரக் கொட்டகை. ஒரு கோடியில் நின்று மறு கோடியில் பத்து மீட்டர் தள்ளி இருக்கும் காகித இலக்கைச் சுட வேண்டும். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற மராத்தி சுபேதார் ஒருவர்தான் செயலாளர், பயிற்சியாளர், எல்லாம். நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் போபோடியில் இருந்த வீட்டுக்கு வந்து, முகம் கழுவிவிட்டு, ரயில் பாதையோரமாக நடந்தே கிளப்புக்குப் போவேன். அவள் வங்கி அதிகாரியின் மகள். அப்பாவின் காரில் வந்து இறங்குவாள். இருவருக்கும் வயது இருபத்தொன்று.

கிளப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான். மற்றவர்களோடு இந்தியில் மரியாதையாகப் பேசிக்கொள்வோம். சண்டைக்கு மட்டும் தமிழ்.

முதல் வாரம் அவள் இடத்தை விடாமல் சுட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னா, எம்மா நேரம் சுட்டுக்கினே இருப்ப? எறங்கு" என்றேன்.

"இது என்ன தமிழ்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் வேலூர்ப் பக்கத்துத் தமிழ்தான் பேசுவோம். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

அவளிடம் சொந்தமாக ஒரு ஜெர்மன் ஏர் ரைஃபிள் இருந்தது. உறை, பேரல் என்கிற குழலைத் துடைக்கிற துணி, எண்ணெய்ப் புட்டி என்று அதற்கு ஒரு பெட்டியே உண்டு. எனக்குக் கிளப் கொடுத்தது உள்ளூரில் செய்த துப்பாக்கி. கட்டையில் விரிசல் விட்டு, நான்தான் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தேன். மாதாமாதம் நடக்கும் போட்டியில் ஒவ்வொரு முறையும் அவள் என்னை முந்துவாள். அதிகமில்லை, ஏழெட்டுப் புள்ளிதான். அந்த ஏழெட்டு எப்போதும் அங்கேயே நிற்கும்.

ஒரு நாள் முடிவு படித்ததும், எல்லோர் காதிலும் விழும்படி சுபேதாரிடம் இந்தியில் சொன்னேன்: "அந்த பேரலை என்கிட்ட குடுங்க சார், நானும் அதே மாதிரி சுடுவேன். ஜெயிக்கிறது அவ இல்ல, ஜெர்மன் இரும்பு."

அவள் முகம் சிவந்துவிட்டது. சுபேதார் மீசையைத் தடவிக்கொண்டு, "பேரலா, கையா? இதில் என்ன சந்தேகம், சோதித்துப் பார்த்துவிடலாமே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டறையிலிருந்து இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸைக் கேட்டு வாங்கிச் சுமந்துகொண்டு போனேன். கனமான மேஜையில் போல்ட் போட்டு இறுக்கினேன். துப்பாக்கியை மனிதர் யாரும் பிடிக்கக் கூடாது. வைஸ்தான் பிடிக்க வேண்டும். தோல் துண்டு வைத்து, மூன்று துப்பாக்கிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துப் பிடிக்கவைத்தோம். என்னுடையது, அவளுடையது, கிளப்பில் மீதமிருந்த இன்னொரு உள்ளூர்த் துப்பாக்கி. ஒரே டப்பாவிலிருந்து எடுத்த ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து.

மூன்றாவது துப்பாக்கியின் ஐந்து ஓட்டைகளையும் மறைக்க ஒரு ரூபாய் நாணயம் தேவைப்பட்டது. அவளுடையதற்கு எட்டணாக் காசு. நான் என் இலக்கு அட்டையை எடுத்துக்கொண்டு வந்தபோது சுபேதார் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். அந்த அளவுதான். ஐந்து குண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போயிருந்தன.

ஒரு கணம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது.

அவள் என் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் புரியாத எங்கள் மொழியில் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ இத்தனை நாளா இந்த ஓட்டை பேரலை வச்சுக்கிட்டுதான் நான் உன்னை ஜெயிச்சிருக்கேனா?"

பதிலுக்கு அவள் பேரலின் வாயில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். காரணம் அங்கே இருந்தது. வாய் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வாரம் தவறாமல் அவள் வீட்டில் வாய்ப்பக்கமாகவே எஃகுக் கம்பியை விட்டுத் துடைத்திருக்கிறார்கள். குண்டு வெளியேறும் கடைசி விளிம்பு கோணலானால் பின்னால் வரும் காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். உள்ளே ஒரு ஈயக் குண்டைப் பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். ஓரிடத்தில்கூட இறுக்கமோ தளர்ச்சியோ இல்லை, வழுவழுவென்று போனது. என் பேரலைவிட உயர்ந்த வேலை. வாய் மட்டும்தான் கெட்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து அவள் பட்டறை வாசலில் நின்றாள். தோளில் அந்தப் பெட்டி. மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. கிளப்பிலிருந்து இரண்டு பெண்களைத்தான் அனுப்புவார்கள்.

"நீங்க டர்னர்தானே" என்றாள். அவள் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. "இதைச் சரி பண்ண முடியுமா?"

எனக்குப் பின்னால் என் லேத் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. பேரல் நுனியில் ஒரு நூலளவு வெட்டி, முகத்தைச் சமன் செய்து, விளிம்பைப் பித்தளை உருண்டையும் தேய்ப்புப் பசையும் வைத்து நயமாக்கினால் போதும். அரை மணி நேர வேலை.

"முடியாது" என்றேன். "பேரல் பூட்ச்சி. வேற வாங்கிக்கோ."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அன்று மதியம் எனக்குச் சோறு ருசியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு கிளப்பில் என் துப்பாக்கி அவள் கையில் இருந்தது. என் கறுப்பு டேப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், அது என்னோடது!"

"கிளப்போடது" என்றார் சுபேதார். "நல்ல கைக்கு நல்ல பேரல். எது நல்ல பேரல் என்று நீதானே நிரூபித்தாய்?"

கத்தினேன். அழவும் செய்தேன். அவள் தலை நிமிரவில்லை. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். எனக்கு அந்த ரூபாய் நாணயத் துப்பாக்கி கிடைத்தது. தேர்வுப் போட்டியில் நான் ஐந்தாவதாக வந்தேன். அவள் முதலாவது. மாவட்டம் போய் வெண்கலம் வாங்கி வந்தாள். கிளப் சுவரில் மாட்டிய படத்தில் அவளோடு என் துப்பாக்கியும் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் நான் கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஏழெட்டு வருடம் போனது. ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவுக்கு மாறியிருந்தேன். அளவெடுக்கும் இயந்திரத்துக்கான மென்பொருளைக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் கராடியில் இருந்த ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு அவள். முதலில் அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு அது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடங்கினேன்: "அன்னிக்கு பட்டறைல முடியாதுன்னு சொன்னேன் இல்ல. பொய். அரை மணி நேரத்துல பண்ணியிருக்கலாம்."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னிக்கே அப்பா பிம்ப்ரில வேற ஒரு டர்னர்கிட்ட காட்டினார். அவனும் அரை மணி நேரம்னுதான் சொன்னான்."

"அப்புறம் ஏன் பண்ணல?"

"எதுக்கு? உன் துப்பாக்கி நல்லா இருந்தது. சார்கிட்ட கேட்டேன், குடுத்தார்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதுவும் போக, நீ முடியாதுன்னு சொன்ன விதம் எனக்குப் பிடிக்கல" என்றாள்.

டம்ளரில் பாதி டீ இருந்தது. அதை அவள் முகத்தில் ஊற்றலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். சுற்றிலும் ஆட்கள். டம்ளரை மேஜையில் வைத்தேன்.

"இப்ப சுடறியா?" என்று கேட்டாள்.

"இல்ல. நீ?"

"கல்யாணத்துக்கு அப்புறம் விட்டாச்சு. ஜெர்மன் ரைஃபிள் லாஃப்ட்ல கிடக்கு. அப்படியேதான்."

அப்படியேதான் என்றால் தேய்ந்த வாயோடு. எனக்குச் சட்டென்று வயிற்றெரிச்சலாக இருந்தது, அவளுக்காக அல்ல, அந்த பேரலுக்காக. அத்தனை வழுவழுப்பான உள்வேலை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. கொண்டு வா, பண்ணித் தருகிறேன் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இடைவேளை முடிந்ததும் எழுந்து அவரவர் மாடிக்குப் போனோம். மறுநாள் வேறு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.